கொல்லிச் செல்களை எழுப்பிய பிறகு

நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் 2024-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அதில் சேர்ந்தவர்கள் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் நிணநீர் முடிச்சுகள் வரை பரவி, அறுவை சிகிச்சையில் அதை அகற்றிக்கொண்டவர்கள். ஒரு பகுதியினருக்கு அவரவர் ரத்தத்திலிருந்தே பிரித்த, கிளைச்செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களில் புற்றுநோய்ப் புரதத் துணுக்குகளை ஏற்றித் திரும்பச் செலுத்தினார்கள். மற்றவர்களுக்குப் போலி மருந்து. ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேரிடம் அந்தத் துணுக்குகளை அடையாளம் காணும் டி செல்கள் தோன்றியிருந்தன. போலி மருந்துக் குழுவில் அப்படி அநேகமாக எவரும் இல்லை. ஆய்வகத்தில் பார்த்தால் நல்ல விளைச்சல்தான். ஆனால் நோய் திரும்பி வருவதை அந்த ஊசி தடுக்கவில்லை. போலி மருந்து பெற்றவர்களைவிட இவர்கள் எந்த வகையிலும் மேலாக இருக்கவில்லை.

முப்பது ஆண்டுகளாக இந்தத் துறையைச் சுற்றிவரும் புதிர் இதுவே. நோயெதிர்ப்புச் செல் ஒன்றை உடலுக்கு வெளியே எடுத்து, தூண்டி, குறியைக் காட்டிக்கொடுத்து, மறுபடி உடலுக்குள் அனுப்பினால் அது கொல்லி டி செல்களை எழுப்பும். இதில் இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. எழுந்த செல்கள் சில நோய்களில் அற்புதம் செய்கின்றன, பல நோய்களில் சும்மா சுற்றி வருகின்றன. ஏன் இந்த வேறுபாடு? எழுப்பும் செல்லின் தரத்திலேயே விடையைத் தேடித் துறை அதிக காலத்தைச் செலவிட்டுவிட்டது என்று நினைக்கிறேன். எந்தக் குறி, நோயின் எந்தக் கட்டம் என்ற இரண்டு கேள்விகளும் அதைவிடப் பெரியவை.

கொல்லி டி செல்லுக்குக் கண் இல்லை. வைரஸையோ புற்றுச் செல்லையோ அது முழுதாகப் பார்ப்பதில்லை. நம் உடலின் அநேகமாக எல்லாச் செல்களும் தமக்குள் உருவாகும் புரதங்களை ஓயாமல் நறுக்கி, எட்டிலிருந்து பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துணுக்குகளை எச்எல்ஏ என்னும் தாங்கியில் பொருத்தி வெளிப்பரப்பில் நிறுத்திவைக்கின்றன. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதுபோல, உள்ளே என்ன வேகிறது என்பதை டி செல் அந்தத் துணுக்கை வைத்தே தீர்மானிக்கிறது. துணுக்கும் தாங்கியும் சேர்ந்த கூட்டையே டி செல் அறிகிறது என்பதை 1974-இல் கான்பெராவில் ரோல்ஃப் ஸிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் எலிகளில் காட்டினார்கள். 1996-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள்.

ஒவ்வொரு டி செல்லும் ஒரே ஒரு வகை ஏற்பியோடு பிறக்கிறது. குறிப்பிட்ட ஒரு துணுக்குக்குப் பொருந்தும் செல்கள், இதுவரை எந்தத் தொற்றையும் பார்க்காத உடலில், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அந்த ஒன்றைக் கண்டுபிடித்து, பல்லாயிரமாகப் பெருக்கி, ஆயுதம் கொடுத்து அனுப்ப வேண்டும். ஆயுதம் என்பது பெர்ஃபோரின், கிரான்ஸைம் என்ற புரதங்கள் நிரம்பிய சிறு பைகள். இலக்குச் செல்லின் மேல் ஒட்டி அந்தப் பைகளை அதன் பக்கமாகக் காலி செய்தால் அந்தச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். கொல்லிச் செல் விலகி அடுத்ததைத் தேடிப் போகும்.

துணுக்கைக் காட்டினால் மட்டும் டி செல் எழுந்துவிடுவதில்லை. காட்டும் செல் தன் மேற்பரப்பில் சிடி80, சிடி86 என்ற மூலக்கூறுகளையும் ஏந்தியிருக்க வேண்டும். கூடவே ஐஎல்-12 போன்ற சைட்டோகைன் என்னும் சமிக்ஞைப் புரதங்களையும் சுரக்க வேண்டும். இவை இல்லாமல் துணுக்கை மட்டும் கண்ட டி செல் செயலற்றுப் போகும், சில சமயம் செத்தும் போகும். காரணமில்லாமல் நம் உடலையே நாம் தின்றுவிடாமல் இருப்பது இந்தக் கட்டுப்பாட்டாலும்தான். எனவே முழு விஷயமும் காட்டும் செல்லின் நிலையைப் பொறுத்தது. அது கிருமியின் அறிகுறியை உணர்ந்து விழித்திருக்கிறதா, அல்லது அமைதியாக இருக்கிறதா?

அந்தக் காட்டும் செல்லை முதலில் கண்டவர் அது என்னவென்று அறியவில்லை. 1868-இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மருத்துவ மாணவர் தோல் துண்டைத் தங்க குளோரைடில் தோய்த்துப் பார்த்தபோது, கிளை விரித்த செல்கள் தெரிந்தன. நரம்புச் செல்கள் என்று எழுதிவைத்தார். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1973-இல், நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மனும் ஸன்வில் கோனும் எலியின் மண்ணீரலில் அதுவரை யாரும் பெயரிடாத ஒரு செல்லை விவரித்தார்கள். நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் அது இருந்தது. நுண்ணோக்கியின் கீழ் கைகளை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தது. அதற்கு மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து டென்ட்ரிடிக் செல், அதாவது கிளைச்செல், என்று பெயரிட்டார்கள். நோயெதிர்ப்பைத் தொடங்கிவைப்பது மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்தான் என்று நம்பிய பலர் ஏறத்தாழ பத்தாண்டுகள் இதைப் பொருட்படுத்தவில்லை. டி செல்லை எழுப்புவதில் இந்தச் செல் மற்றவற்றைவிட நூறு மடங்கு வல்லது என்று 1978-இல் ஸ்டைன்மன் குழு காட்டியும் சந்தேகம் உடனே தீர்ந்துவிடவில்லை.

சந்தேகத்தைவிடப் பெரிய தடை, செல் கிடைக்காததுதான். ரத்தத்தில் இவை மிகக் குறைவு. 1992-இல் ஜப்பானின் கயோ இனாபா ஸ்டைன்மனோடு சேர்ந்து எலிகளில் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைக் கொண்டு இவற்றைப் பெருக்கிக் காட்டினார். 1994-இல் பாஸல் நகரில் ஃபெதெரிகா சல்லூஸ்தோவும் அந்தோனியோ லன்ஸவேக்கியாவும், மனித ரத்தத்தில் தாராளமாகக் கிடைக்கும் மோனோசைட்டுகள் என்னும் வெள்ளை அணுக்களுக்கு ஜிஎம்-சிஎஸ்எஃப், ஐஎல்-4 இரண்டையும் கொடுத்தால் ஒரு வாரத்தில் அவை கிளைச்செல்களாக மாறுகின்றன என்று எழுதினார்கள். அந்த இரண்டு ஆய்வுகளும் கதவைத் திறந்துவிட்டன. அடுத்த இரண்டே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டில் எட்கர் எங்கில்மன், ரொனால்ட் லெவி குழுவினர் லிம்ஃபோமா நோயாளிகள் நான்கு பேருக்குக் கிளைச்செல் ஊசி போட்ட முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் வளர்ப்புச் செல்களைப் பயன்படுத்தவில்லை. ரத்தத்தில் இருந்த அரிய செல்களையே பிரித்தெடுத்தார்கள். நால்வரிடமும் நோயெதிர்ப்பு தெரிந்தது. ஒருவருக்குக் கட்டி முழுதும் மறைந்தது.

இந்த ஊசி எப்படித் தயாராகிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் சிக்கல்களில் பாதி அங்கேதான் இருக்கிறது. நோயாளியின் ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போகிறது. வெள்ளை அணுக்கள் ஒரு பையில் தங்க, மீதி ரத்தம் மறு கை வழியாகத் திரும்புகிறது. சில மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பை சுத்த அறைக்குப் போகிறது. பழைய முறையில், செல்களைப் பிளாஸ்டிக் குடுவையில் ஊற்றி ஓரிரு மணி நேரம் விடுவார்கள். மோனோசைட்டுகள் அடியில் ஒட்டிக்கொள்ளும், மற்றவற்றைக் கழுவி ஊற்றிவிடலாம். பிறகு 37 டிகிரி வெப்பத்தில் ஐந்தாறு நாள். ஒட்டியிருந்தவை மெல்லப் பிடிவிட்டு மிதக்கத் தொடங்கும், ஓரங்களில் மெல்லிய திரை போன்ற மடிப்புகள் முளைக்கும். அப்போது குறியை ஏற்றுவார்கள். அது செயற்கைத் துணுக்காக இருக்கலாம், நோயாளியின் கட்டியை அரைத்த சாறாக இருக்கலாம், ஆர்என்ஏவாகவும் இருக்கலாம். கடைசி ஓரிரு நாளில் முதிர்வூட்டும் கலவை. கிருமி கலந்திருக்கிறதா, செல்கள் உயிரோடு இருக்கின்றனவா, முதிர்ச்சிக்கு அடையாளமான சிடி83 தெரிகிறதா என்று சோதித்து, திரவ நைட்ரஜனில் உறையவைப்பார்கள். ஒரு நோயாளிக்குச் செய்தது இன்னொருவருக்கு உதவாது.

முதிர்வூட்டும் கலவை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டேன். அதை வைத்தே ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்தது. முதிராத கிளைச்செல் வெறும் வீண் அல்ல, தீங்கும் கூட. 2001-இல் மாதவ் தோடப்கர், ஸ்டைன்மன் குழுவினர் ஆரோக்கியமான இரண்டு தன்னார்வலர்களுக்கு ஃப்ளூ வைரஸ் துணுக்கை ஏந்திய முதிராத கிளைச்செல்களை ஊசியாகப் போட்டார்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருந்த ஃப்ளூவுக்கு எதிரான கொல்லிச் செல் திறன் குறைந்துபோனது. எழுப்புவதற்குப் போட்ட ஊசி தூங்கவைத்துவிட்டது! அதற்கு முன் நடந்த பல புற்றுநோய்ச் சோதனைகளில் முதிர்ச்சியைச் சரியாகக் கவனிக்காத செல்களே பயன்பட்டிருந்தன என்பதை நினைத்தால், அந்தக் காலத்துத் தோல்விகள் சிலவற்றை முறையின் தோல்வி என்று எழுதிவிட முடியாது.

1997-இல் ஜெர்மனியில் உருவான ஒரு கலவை பிறகு பல ஆய்வகங்களில் பொதுத் தரமானது. டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-1 பீட்டா, ஐஎல்-6, ப்ராஸ்டகிளாண்டின் இ2 ஆகியவை அதில் உண்டு. கடைசிப் பொருளால் செல்லுக்கு நிணநீர் முடிச்சை நோக்கி நகரும் திறன் கூடும். ஆனால் கொல்லிச் செல்லுக்கு மிகவும் தேவையான ஐஎல்-12 சுரப்பது குறைந்துவிடும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொள்ளும் மருந்து. பிட்ஸ்பர்கில் பவல் கலின்ஸ்கி குழு 2004-இல் இன்டர்ஃபெரானும் வைரஸ் ஆர்என்ஏவைப் போலி செய்யும் ஒரு வேதிப்பொருளும் சேர்த்து வேறு கலவை செய்தது. ஐஎல்-12 நிறையச் சுரந்தது.

செல் நன்றாகவே இருந்தாலும் போய்ச் சேர வேண்டுமே. தோலில் ஊசி போட்ட செல்களில் நிணநீர் முடிச்சை எட்டுவது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மீதி ஊசி போட்ட இடத்திலேயே மடிகின்றன. நேரடியாக முடிச்சுக்குள்ளேயே ஊசி போடலாமே என்று சிலர் முயன்றார்கள். நைமேகன் குழு செல்களில் நுண்ணிய இரும்பு ஆக்ஸைடை ஏற்றி, எம்ஆர்ஐயில் பின்தொடர்ந்தது. அல்ட்ராசவுண்டைப் பார்த்துப் பார்த்துப் போட்ட ஊசியிலும், எட்டு நோயாளிகளில் நான்கு பேருக்குச் செல்கள் முடிச்சுக்கு வெளியே கொழுப்பில் கிடந்தன. 2005-இல் வந்த அந்தப் படங்கள் பல பழைய சோதனைகளைப் பற்றிச் சங்கடமான கேள்வியை எழுப்பின. டியூக் பல்கலைக்கழகத்தின் 2015-ஆம் ஆண்டு யோசனை எளிமையானது. செல்களைப் போடுவதற்கு முந்தைய நாள் அதே இடத்தில் சாதாரண டெட்டனஸ் ஊசி. மூளைக்கட்டி நோயாளிகள் 12 பேரில் செய்த அந்தச் சிறிய சோதனையில், டெட்டனஸ் ஊசி பெற்றவர்களிடம் செல்கள் கூடுதலாக நகர்ந்தன. ஆயுளும் நீண்டது. எண்ணிக்கை சிறிது என்பதை மறக்கக் கூடாது.

மருந்துக் கடைக்கு அருகில் வந்த ஒரே பெரிய பொருள் ப்ரோவெஞ்ச். ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு, 2010 ஏப்ரலில் அமெரிக்க எஃப்டிஏ அனுமதித்தது. தூய கிளைச்செல் என்று அதைச் சொல்ல முடியாது. ரத்த வெள்ளை அணுக் கலவையை, ப்ராஸ்டேட் புரதமும் ஜிஎம்-சிஎஸ்எஃப்பும் ஒட்டிய ஒரு செயற்கைப் புரதத்தோடு ஊறவைத்து, மூன்றாம் நாள் சிரை வழியே ஏற்றுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை. 512 ஆண்கள் பங்கேற்ற சோதனையில் நடு ஆயுள் 21.7 மாதத்திலிருந்து 25.8 மாதமாக உயர்ந்தது. கட்டி பெரும்பாலும் சுருங்கவில்லை. நோய் முற்றுவதும் தாமதமாகவில்லை. ஆனாலும் மனிதர்கள் கூடுதலாக நான்கு மாதம் வாழ்ந்தார்கள். எப்படி என்பது இன்றுவரை வாதத்தில் இருக்கிறது. ஒப்பீட்டுக் குழுவினரிடமிருந்து எடுத்த வெள்ளை அணுக்களில் பெரும்பகுதி அவர்களுக்கு உடனே திருப்பித் தரப்படவில்லை, வயதான ஆண்களுக்கு அந்த இழப்பே தீங்காகியிருக்கலாம் என்று சிலர் 2012-இல் வாதிட்டார்கள். நான் அந்த வாதத்தை முழுதாக ஏற்கவில்லை, ஆனால் ஒதுக்கிவிடவும் முடியவில்லை. மூன்று தவணைக்கு 93,000 டாலர் என்ற விலையும் வேறு நல்ல மாத்திரைகள் வந்ததும் சேர்ந்து, அதைத் தயாரித்த டென்ட்ரியான் நிறுவனம் 2014-இல் திவாலானது.

அதற்குப் பின் வந்தவை இன்னும் சோர்வூட்டின. சிறுநீரகப் புற்றுநோய்க்கு ஆர்என்ஏ ஏற்றிய ஆர்கோஸ் நிறுவனத்தின் ஊசி பலனில்லை என்று நின்றது. மூளைக்கட்டிக்கான டிசிவாக்ஸ்-எல் சோதனையின் முடிவு 2022 நவம்பரில் வந்தது. 331 நோயாளிகள். புதிதாக நோய் கண்டவர்களில் நடு ஆயுள் 19.3 மாதம், ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களில் 16.5. ஆனால் ஒப்பிட்டது சோதனைக்குள் இருந்த போலி மருந்துக் குழுவோடு அல்ல. நோய் திரும்பியதும் அந்தக் குழுவில் பெரும்பாலோர் உண்மை மருந்துக்கு மாறிவிட்டதால், வெளியே நடந்த வேறு சோதனைகளின் நோயாளிகளை ஒப்பீட்டுக்கு எடுத்தார்கள். புள்ளியியல் தெரிந்தவர்கள் முகம் சுளித்ததில் வியப்பில்லை.

ஸ்டைன்மனின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 2007-இல் அவருக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. நண்பர்களும் சகாக்களும் அவருடைய கட்டியை வைத்தே கிளைச்செல் ஊசிகள் தயாரித்தார்கள். அறுவை, கீமோதெரபி, இன்னும் சில சோதனைச் சிகிச்சைகள் எல்லாம் சேர்ந்து அவர் நான்கரை ஆண்டுகள் வாழ்ந்தார். 2011 செப்டம்பர் 30 அன்று இறந்தார். மூன்று நாள் கழித்து, அவர் இறந்ததை அறியாத நோபல் குழு பரிசை அறிவித்தது. இறந்தவருக்குப் பரிசு தருவதில்லை என்ற விதி இருந்தும், நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு என்பதால் பரிசு நிலைத்தது. அவருடைய ஊசிகள் அவருக்கு உதவினவா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஆளிடம், அத்தனை சிகிச்சைகளுக்கு நடுவில், விடை சொல்ல வழியில்லை. அவரே இதைத்தான் சொல்லியிருப்பார். கறாரான சோதனைகளுக்காக வாதாடியவர் அவர்.

இப்போது மறுபக்கம். எழுப்பும் செல் கிளைச்செல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ரத்தத்தில் ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்லும் தூண்டப்பட்டால் துணுக்குகளை நன்றாகவே காட்டும். 1998-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரே சமயத்தில் வெளியான மூன்று ஆய்வுகள், உதவி டி செல் காட்டும் செல்லின் சிடி40 என்ற ஏற்பியைத் தொட்டு உரிமம் கொடுத்த பிறகே கொல்லி டி செல் எழுகிறது என்று நிறுவின. அதற்கு ஓராண்டு முன்பே பாஸ்டனில் யோவாகிம் ஷுல்ட்ஸே, லீ நாட்லர் குழுவினர் பி செல்களில் அதே சிடி40-ஐச் செயற்கையாகத் தொட்டுவிட்டு வளர்த்தார்கள். சிறிதளவு ரத்தத்திலிருந்தே அவை மாதக்கணக்கில் பெருகின. கிளைச்செல் பெருகாது, பி செல் பெருகும். தயாரிப்பில் இது பெரிய வசதி. நாய்களுக்கு இயல்பாக வரும் லிம்ஃபோமாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நிகோலா மேசன் குழு இதைச் சோதித்தது. கட்டியின் ஆர்என்ஏ ஏற்றிய பி செல் ஊசி முதல் தணிவை நீட்டிக்கவில்லை. நோய் திரும்பிய பிறகு கொடுத்த சிகிச்சைக்கு அந்த நாய்கள் மேலாகப் பலன் காட்டின. விந்தையான முடிவு, ஆனால் குறித்துவைக்க வேண்டியது.

பி செல்லின் உண்மையான வெற்றி வேறிடத்தில். எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஆய்வகத்தில் பி செல்களைத் தொற்றி அழிவில்லாமல் பெருகச் செய்யும். அப்படிப் பெருகிய செல்கள் அந்த வைரஸின் துணுக்குகளைச் சுமந்து, தூண்டப்பட்ட நிலையிலேயே இருக்கும். எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்களுக்கு நோயெதிர்ப்பு பலவீனமான காலத்தில் இதே வைரஸால் லிம்ஃபோமா வருவதுண்டு. மெம்ஃபிஸில் கிளியோனா ரூனி, ஹெலன் ஹெஸ்லப் குழுவினர் கொடையாளரின் டி செல்களை அந்தப் பி செல்களோடு குடுவையில் சேர்த்து வளர்த்து, பெருகிய கொல்லிச் செல்களை நோயாளிக்கு ஏற்றினார்கள். 1995-இல் முதல் முடிவுகள் வந்தன. 2010-இல் 114 நோயாளிகளின் கணக்கு. நோய் வருமுன் தடுப்பாகப் பெற்ற 101 பேரில் ஒருவருக்கும் லிம்ஃபோமா வரவில்லை. வந்தபின் பெற்ற 13 பேரில் 11 பேருக்கு முழுத் தணிவு. முன்கூட்டியே தயாரித்து வைக்கும் இத்தகைய செல்களுக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. இந்தத் துறையில் இவ்வளவு தெளிவான எண்கள் வேறெங்கும் இல்லை.

இங்கே ஏன் ஜெயித்தது? குறி முழுக்க அந்நியமானது. வைரஸின் புரதம் நம்முடையதல்ல, அதை நோக்கும் வலுவான டி செல்களை, அவை முதிரும் தைமஸ் சுரப்பி களைந்திருக்காது. மெலனோமாவிலும் ப்ராஸ்டேட்டிலும் குறிவைத்தவை பெரும்பாலும் நம் சொந்தப் புரதங்கள். அவற்றை வலுவாகப் பிடிக்கும் டி செல்கள் சிறுவயதிலேயே தைமஸில் அழிந்துவிட்டன, எஞ்சியவை மங்கலானவை. எழுப்பலாம், ஆனால் கூர்மை இருக்காது. இன்னொரு காரணம், மஜ்ஜை மாற்றிய நோயாளியின் லிம்ஃபோமா வாரக்கணக்கில் வளர்ந்தது. நோயெதிர்ப்பே இல்லாத உடலில் வளர்ந்ததால் அதை ஏய்க்கும் வித்தைகளைக் கற்கத் தேவை இருக்கவில்லை. பல ஆண்டுகள் ஒளிந்து வளர்ந்த கட்டிக்கு அந்த வித்தைகள் எல்லாம் தெரியும். எச்எல்ஏ தாங்கியையே தொலைத்துவிடும். பிடி-எல்1 என்னும் பிரேக் மூலக்கூறை நீட்டி, வரும் டி செல்லை அடக்கும். அடக்கும் செல்களைச் சுற்றிலும் கூட்டிவைக்கும்.

நோயின் கட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நான் கண்டதில் சிறந்த சான்று லைடன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அது செல் ஊசி அல்ல. பாப்பிலோமா வைரஸின் நீண்ட புரதத் துணுக்குகள். உடலிலுள்ள கிளைச்செல்கள் அவற்றை விழுங்கி நறுக்கிக் காட்ட வேண்டும். அதே வைரஸால் பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் வரும் புற்றுக்கு முந்தைய புண் உள்ள 20 பெண்களுக்கு அதைக் கொடுத்து 2009-இல் முடிவு வெளியிட்டார்கள். ஓராண்டு முடிவில் மதிப்பிட முடிந்த 19 பேரில் 15 பேருக்குப் பலன், 9 பேருக்குப் புண் முழுதாக மறைந்தது. அதே ஊசி, அதே வைரஸ் குறி, முற்றிய புற்றுநோய் உள்ள பெண்களுக்குக் கொடுத்தபோது டி செல்கள் எழுந்தன, ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. குறி மாறவில்லை, மருந்து மாறவில்லை. மாறியது நோயின் வயது மட்டும். பின்னர் அதே குழு, கீமோதெரபியின் இரண்டாம் சுற்று முடிந்து இரண்டு வாரத்தில், அடக்கும் செல்கள் குறைந்திருக்கும் நேரம் பார்த்து ஊசி போட்டால் டி செல்கள் வலுவாக எழுகின்றன என்று 2016-இல் காட்டியது.

நம் ஊருக்கு இது தூரத்து விஷயமல்ல. இந்தியப் பெண்களிடம், இதே வைரஸால் வரும் கருப்பை வாய்ப் புற்றுநோய் இரண்டாம் இடத்தில் இருக்கிறது. அதிலும் முற்றிய நிலையில் வருபவர்களே அதிகம். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், இப்படிப்பட்ட பெண்களுக்கு அவரவர் கட்டிச் சாறு ஏற்றிய கிளைச்செல் ஊசியைத் தயாரித்து, செய்ய முடிகிறதா, பாதுகாப்பானதா என்று சோதித்து 2014-இல் வெளியிட்டது. செய்ய முடிந்தது என்பதே அதன் செய்தி. ஒரு பொது அறக்கட்டளை மருத்துவமனையில் அந்தச் சுத்த அறையை நடத்தியதே சிறிய காரியமல்ல. ஆனால் லைடன் பாடத்தை வைத்துப் பார்த்தால், முற்றிய நோயில் அந்த ஊசியிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. பள்ளிச் சிறுமிகளுக்குப் போடும் பாப்பிலோமா தடுப்பூசியும் வழக்கமான பரிசோதனையும் அதைவிட எத்தனையோ உயிரைக் காப்பாற்றும்.

முற்றிய நோயில் ஊசி மட்டும் கொடுத்த சோதனைகளின் மொத்தக் கணக்கை ஸ்டீவன் ரோஸன்பர்க் 2004-இலேயே போட்டுவிட்டார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பலவகைப் புற்றுநோய்த் தடுப்பூசி பெற்ற 440 பேரில் கட்டி சுருங்கியது 2.6 சதவீதம். அப்போது அவரைத் திட்டியவர்கள் பலர். 2010-இல் வந்த இபிலிமுமாப் சோதனை அவர் பக்கம் சாய்ந்தது. 676 மெலனோமா நோயாளிகள். டி செல்லின் பிரேக்கை விடுவிக்கும் அந்த மருந்து தனியாகவும், ஜிபி100 என்ற புரதத்தின் துணுக்கு ஊசியோடும், ஊசி தனியாகவும். மருந்து ஆயுளை நீட்டியது. ஊசி அதில் ஒன்றும் கூட்டவில்லை. ஏன் என்பதற்கு ஒரு பகுதி விடையை 2013-இல் டெக்சாஸில் எலிகளில் கண்டார்கள். துணுக்கை எண்ணெயில் கலந்து போட்டதால் அது தோலுக்கடியில் வாரக்கணக்கில் தேங்கியது. எழுந்த கொல்லிச் செல்கள் கட்டியை நோக்கிப் போகாமல், குறி நிரம்பிக் கிடந்த ஊசி போட்ட இடத்துக்கே திரும்பி வந்து, அங்கேயே களைத்து மடிந்தன. ரத்தத்தில் டி செல்களை எண்ணிப் பார்த்து மகிழ்ந்த எத்தனை ஆய்வுகள் இந்தச் சாத்தியத்தை யோசித்தன?

இதற்கிடையில் வளர்ப்புக் கிளைச்செல்லின் அடிப்படையையே அசைக்கும் இரண்டு செய்திகள் வந்தன. 2008-இல் கென்னத் மர்ஃபி குழு, பிஏடிஎஃப்3 என்ற மரபணு இல்லாத எலிகளில் ஒரு குறிப்பிட்ட வகைக் கிளைச்செல் மட்டும் இல்லாமல் போவதையும், அந்த எலிகள் கட்டியை நிராகரிக்க முடியாமல் தவிப்பதையும் காட்டியது. வெளியிலிருந்து விழுங்கிய புரதத்தைக் கொல்லி டி செல்லுக்குக் காட்டுவதில் அந்த வகைதான் தலைசிறந்தது. மோனோசைட்டிலிருந்து நாம் குடுவையில் வளர்த்தது அந்த வகை அல்ல. 2010-இல் வந்த இன்னொரு எலி ஆய்வு: ஊசியில் போட்ட கிளைச்செல்கள் தாமே டி செல்லை எழுப்புவதில்லை, அவை சுமந்த குறியை உடலில் ஏற்கெனவே இருக்கும் கிளைச்செல்கள் வாங்கிக்கொண்டு வேலையைச் செய்கின்றன. மனிதரிலும் அப்படித்தான் என்றால், ஒரு வாரம் சுத்த அறையில் பக்குவமாக வளர்த்தது வெறும் கூரியர் வேலைக்குத்தானா?

அப்படியானால் குறியை நேராக உடலிலுள்ள செல்களுக்கே அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. எம்ஆர்என்ஏ ஊசிகள் செய்வது இதுவே. கொழுப்பு உருண்டையில் பொதிந்த ஆர்என்ஏவை உடலின் கிளைச்செல்கள் விழுங்குகின்றன. ஆர்என்ஏவே வைரஸ் வந்தாற்போல அவற்றை விழிக்கவைக்கிறது, அதுவே குறியையும் தயாரிக்கிறது. குறிகளும் மாறிவிட்டன. இப்போது தேடுவது அந்த நோயாளியின் கட்டியில் மட்டும் உள்ள மரபணுப் பிழைகளிலிருந்து பிறக்கும் அந்நியத் துணுக்குகளை. இந்த வகைக் குறிகளை முதலில் மனிதரில் முயன்றவர்களில் கிளைச்செல் ஆய்வாளர்களும் உண்டு; செயிண்ட் லூயிஸில் 2015-இல் மூன்று மெலனோமா நோயாளிகளிடம். 2023-இல் நியூயார்க்கில் வினோத் பாலச்சந்திரன் குழு, கணையப் புற்றுநோயை அறுவையில் அகற்றிய 16 பேருக்கு அவரவர் பிழைகளுக்கேற்ற எம்ஆர்என்ஏ ஊசி போட்டது. 8 பேரிடம் வலுவான டி செல்கள் எழுந்தன. ஒன்றரை ஆண்டு கவனிப்பில் அந்த எட்டுப் பேரின் நிலை மற்ற எட்டுப் பேரைவிட நன்றாக இருந்தது. எழாதவர்கள் ஏற்கெனவே பலவீனமானவர்களாக இருந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை இங்கும் பொருந்தும். மெலனோமாவில் 157 பேரைப் பிரித்து நடந்த சோதனையில், பிரேக்கை விடுவிக்கும் பிடி-1 மருந்தோடு இத்தகைய ஊசி சேர்ந்தபோது நோய் திரும்பும் அல்லது இறக்கும் ஆபத்து 44 சதவீதம் குறைந்தது.

இந்தப் புதிய சோதனைகளில் ஒரு பொதுக்கூறு உண்டு. கட்டியை வெட்டி எடுத்த பிறகு, எஞ்சிய சில செல்களை நோக்கித்தான் டி செல்களை அனுப்புகிறார்கள். குறி அந்நியமானது, பிரேக்கும் பெரும்பாலும் விடுவிக்கப்படுகிறது. பழைய கிளைச்செல் ஊசிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாமல் போட்டியிட்டன. நைமேகன் சோதனையில் கட்டத்தைச் சரியாகத் தேர்ந்திருந்தார்கள், ஆனால் நம் சொந்தப் புரதங்கள் குறிகளில் முக்கிய இடம் வகித்தன, பிரேக் விடுவிக்கப்படவில்லை. செல் தயாரிப்பில் அவர்கள் செய்த மெருகு எதுவும் அந்தக் குறையை ஈடுகட்டவில்லை என்று கருதுகிறேன்.

ஆனாலும் வளர்ப்புச் செல்லுக்கு இடமே இல்லை என்று முடிப்பதற்குச் சான்று போதாது. எப்ஸ்டீன்-பார் போல, கொல்லிச் செல்லை வெளியிலேயே வளர்த்துக் கொடுக்க வேண்டிய நோய்களில் தூண்டப்பட்ட பி செல்லுக்கும் கிளைச்செல்லுக்கும் மாற்று இன்னும் மலிவாகக் கிடைக்கவில்லை. சிடி40-ஐத் தொடும் முறை, முதிர்வூட்டும் கலவை, நகர்வைக் கூட்டும் டெட்டனஸ் ஊசி என்று இந்தச் சோதனைகள் கற்றுத்தந்தவற்றைத்தான் எம்ஆர்என்ஏ ஊசிக்காரர்களும் வேறு வடிவில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தனியார் மருத்துவமனைகள் சில, முற்றிய புற்றுநோயாளிகளிடம் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, ஒப்பீட்டுக் குழு ஏதுமின்றித் தனியாகக் கிளைச்செல் ஊசி விற்பது வேறு கதை. அவர்களிடம் கேட்க வேண்டியது, உங்கள் ஊசி டி செல்லை எழுப்புமா என்பதல்ல, அது எழுப்பும். என் கட்டியின் எந்தத் துணுக்கைக் குறிவைக்கிறீர்கள், அந்தத் துணுக்கை என் கட்டி இன்னும் காட்டுகிறதா, பிடி-1 மருந்து கூடவே உண்டா, இதே நிலையில் உள்ளவர்களிடம் ஒப்பிட்டுச் சோதித்த முடிவு எங்கே என்று கேட்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில், அறுவை முடிந்த ஒரே வகை நோயாளிகளிடம், ஒரே அந்நியத் துணுக்குகளை ஒரு குழுவுக்கு வளர்ப்புச் செல் வழியாகவும் இன்னொரு குழுவுக்கு எம்ஆர்என்ஏ வழியாகவும் கொடுத்து யாராவது நேருக்கு நேர் ஒப்பிட்டால், அந்த ஒரு வார வளர்ப்பு செலவுக்குத் தகுந்ததா என்பது தெரிந்துவிடும்.